ராடு பிளாங்க்கில் பூச்சு கெட்டால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

மெல்லச் சுற்றும் சுழற்றியில் மீன்பிடி ராடை மாட்டி, நரம்பு ஓடும் வளையங்களான கைடுகளை ராடோடு சேர்த்துக் கட்டிய நூற்கட்டுகளில் கடைசியானதுவரை எபாக்ஸி (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் பிசின்) தடவிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகிறோம். அரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், கண்ணாடிபோல் கிடந்த பூச்சில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். இல்லையென்றால் மறுநாள் காலையில் தொட்டதும் பலாப்பிசின்போல விரலில் ஒட்டுகிறது. உடனே எபாக்ஸியைத்தான் திட்டுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். புட்டியை மாற்றினேன், பிராண்டை மாற்றினேன். கெட்டுப்போன ராடுகளை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பூச்சு கெடுவதற்கான காரணம் பெரும்பாலும் பூச்சுக்கு அடியில், பிளாங்க்கின், அதாவது கைடும் கைப்பிடியும் கட்டுவதற்கு முந்தைய வெறும் தண்டின், மேற்பரப்பில் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் அன்றைய காற்றில் இருக்கிறது.

நான் இருப்பது பாளையங்கோட்டை. குளத்தில் விரால் பிடிக்க ஆறரை அடி ராடும், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை கரையில் நின்று பாரை மீனுக்கு வீசப் பத்து, பன்னிரண்டு அடி ராடும் கட்டுகிறேன். இந்த வட்டாரத்தின் வெயிலும் காற்றும் கார்த்திகை ஈரமும் பூச்சை எப்படியெல்லாம் படுத்தும் என்பதை வைத்தே கீழே எழுதுகிறேன்.

கையில் இருப்பது எந்த வகைப் பிளாங்க்?

அறிகுறிக்குப் போகுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிசின் ஊறிய கார்பன் அல்லது கண்ணாடி இழைத் துணியை எஃகுக் கம்பியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கமாகச் சுற்றி, அடுப்பில் வேகவைத்துத்தான் பிளாங்க் செய்கிறார்கள். வெந்த பிறகு கம்பியை உருவி, நாடாவை உரித்தால், நாடாவின் விளிம்பு பதிந்த இடமெல்லாம் திருகாணி மரைபோல மெல்லிய வரம்புகள் நிற்கும். அதை அப்படியே விற்பது ஒரு வகை. வரம்பைத் தேய்த்து மழுக்கி, பூச்சில்லாமல் மங்கலாக விற்பது இரண்டாவது. தேய்த்த பிறகு பாலியூரித்தேன் அல்லது எபாக்ஸி பூசிப் பளபளப்பாகவோ நிறத்தோடோ விற்பது மூன்றாவது.

நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். டர்ரென்று தட்டினால் முதல் வகை. தட்டாமல் சுண்ணாம்புச் சுவர்போல லேசாகப் பிடித்தால் இரண்டாவது. வழுக்கினால் மூன்றாவது. முதல் வகையில் காற்று சிக்கும், இரண்டாவது அழுக்கைக் குடிக்கும், மூன்றாவதில் பூச்சு ஒட்டாது. கெடும் விதம் இந்த மூன்றுக்கும் வேறு வேறு என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வரம்புள்ள பிளாங்க் வாங்கியவர்கள் அதை வழவழப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள் எடுக்காதீர்கள். வரம்பு வெறும் பிசின்தான். ஆனால் அது எங்கே முடிகிறது, இழை எங்கே தொடங்குகிறது என்பது கைக்குத் தெரியாது. இழை அறுந்தால் அந்த இடத்தில் பலம் போய்விடும். பெரிய மீன் வரும் அன்றுதான் அது தெரியவரும்.

பூச்சில் வட்ட வட்டமாகக் குழி விழுகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். எபாக்ஸி ஒரு இடத்தை விட்டு விலகி நிற்கிறது, நடுவில் வெறும் பிளாங்க்கோ நூலோ தெரிகிறது. மீன்கண் மாதிரி இருக்கும். அந்த இடத்தில் எண்ணெயோ மெழுகோ சிலிக்கோனோ இருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்.

எங்கிருந்து வருகிறது? ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்ததில் என் வீட்டில் அகப்பட்டவை இவை. முதலாவது தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு வைத்துவிட்டு, முடியைக் கோதிய கையாலேயே பிளாங்க்கைத் தொடுகிறோம். இரண்டாவது அடுக்களை. வடையோ அப்பளமோ பொரித்தால் எண்ணெய்ப் புகை பக்கத்து அறைவரை வந்து படியும். வேலை அறையும் அடுக்களையும் ஒட்டி இருந்தால் பொரிக்கிற நாளில் பூச வேண்டாம். மூன்றாவது, ரீலுக்கும் வண்டிக்கும் அடிக்கிற சிலிக்கோன் ஸ்பிரே. அதை அறைக்குள் ஒரு தடவை அடித்தாலும் துகள் காற்றில் மிதந்து எல்லாவற்றின்மேலும் இறங்கும்.

நான்காவதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது. அது சிரிஞ்சு. எபாக்ஸியை அளக்க மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண சிரிஞ்சின் உள்ளே கறுப்பு ரப்பர் இருக்கும். அந்த ரப்பர் வழுக்கிப் போவதற்காகவே சிலிக்கோன் தடவியிருப்பார்கள். பிளாங்க்கை எவ்வளவு துடைத்தாலும், எபாக்ஸியே சிலிக்கோனோடு வந்தால் குழி விழத்தான் செய்யும். ரப்பர் இல்லாத, பிளாஸ்டிக் தண்டு மட்டுமுள்ள சிரிஞ்சு கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மெழுகு பூசிய காகிதக் கோப்பையில் கலப்பதையும் விடுங்கள். இருமல் மருந்தோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் கழுவிக் காயவைத்தால் போதும்.

பூசுவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. துடைத்த பிளாங்க்கின் மேல் சுத்தமான தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் மேற்பரப்பு சுத்தம். சேம்பிலையில் விழுந்ததுபோல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. நூல் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், நூல் ஈரமானால் வேறு தொல்லை. ஒன்று, மினுமினுப்பான மூன்றாம் வகைப் பிளாங்க்கில் அந்தப் பூச்சே தண்ணீரைக் கொஞ்சம் திரட்டும். அங்கே முழுவதும் திரள்கிறதா, திட்டுத் திட்டாகத் திரள்கிறதா என்று பாருங்கள். திட்டுதான் ஆபத்து.

துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியும். பட்டறையில் பயன்படுத்தும் பனியன் வேஸ்ட் வேண்டாம், அதில் சாயமும் பிசிறும் உண்டு. ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயவிட்டால் கரைந்த எண்ணெய் திரும்பவும் அங்கேயே படியும். நிறப்பூச்சுள்ள பிளாங்க்கில் அசிட்டோனும் தின்னரும் தொடாதீர்கள். நிறத்தையே கரைத்துவிடும்.

குழி விழுந்ததை எபாக்ஸி ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால், மேலே மேலே தடவி மூடப் பார்க்காதீர்கள். மூடாது. முழுவதையும் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, புதுக் கலவையோடு தொடங்குங்கள். இறுகிய பிறகு பார்த்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் பளபளப்பு மட்டும் போகும்படி தேய்த்து, துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று. தேய்க்கும்போது குழியின் விளிம்பில் நூல் மேலாக இருக்கும், அறுத்துவிடாதீர்கள்.

இரண்டு நாள் ஆகியும் பிசுபிசுப்பு

இது அனேகமாக அளவுக் கோளாறு. நூற்கட்டுக்கான எபாக்ஸிகள் பெரும்பாலும் பிசினும் கடினமாக்கியும் (ஹார்டனர்) சம அளவு. அந்தச் சமம் கொள்ளளவில், எடையில் இல்லை. இரண்டு திரவத்தின் அடர்த்தியும் வேறு என்பதால் நகைத்தராசில் நிறுத்துப் போட்டால் கணக்கு தப்பும். இன்னொன்று, சிக்கனம் பார்த்து அரை மில்லி, அரை மில்லி எடுப்பது. அவ்வளவு சின்ன அளவில் ஒரு சொட்டுப் பிசகினாலே விகிதம் கெட்டுவிடும். மிஞ்சினாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றிலும் 3 மில்லிக்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருப்பது கலக்காத பிசின். கடைசிச் சொட்டுவரை தூரிகையால் வழித்து எடுக்கும்போது அதுதான் ராடுக்கு வருகிறது. ஒரு ராடில் நான்கு கைடு கல்லாக இறுகி ஐந்தாவது மட்டும் ஒட்டினால் காரணம் இதுவே.

கோப்பையில் மிஞ்சியது இறுகிவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். எபாக்ஸி இறுகும்போது தானே சூடாகும். மொத்தமாகக் கிடக்கும் கலவை அந்தச் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொண்டு சீக்கிரம் இறுகும். ராடில் மெல்லிய படலமாக இருப்பதற்கு அந்த வசதி கிடையாது. அதனால் கோப்பையைப் பார்த்து ராடைக் கணிக்காதீர்கள். எப்போதும் ஒரு உடைந்த பிளாங்க் துண்டைப் பக்கத்தில் வைத்து, அதிலும் ஒரு கோடு பூசிவிடுங்கள். நகத்தை அதில் அழுத்திப் பார்க்கலாம்.

மார்கழி, தை இரவில் பூசினால் தாமதமாகும். அது பிசுபிசுப்பு வகையில் சேராது, வெதுவெதுப்பான இடத்தில் இன்னும் ஒரு நாள் வையுங்கள். மூன்று நாள் ஆகியும் மேலே மட்டும் ஒட்டி, உள்ளே கெட்டியாக இருந்தால், சரியாகக் கலந்த இரண்டாவது பூச்சை அதன்மேல் மெல்லிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேன்போல அப்படியே நகர்ந்தால் நூலோடு உரித்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

மழைக்காலத்தில் மேலே மங்கலான மெழுகுப் படலம்

ஐப்பசி, கார்த்திகையில் வரும் தொல்லை இது. பூச்சு இறுகியிருக்கும், ஆனால் பளபளப்பு செத்து, தொட்டால் மெழுகு தடவியதுபோல வழவழவென்று இருக்கும். எபாக்ஸியின் கடினமாக்கியில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படியும் உப்பு அது. தண்ணீரில் கரையும். இதைத் தெரியாமல் பலர் ஆல்கஹாலால் துடைக்கிறார்கள், அது பரப்பத்தான் செய்யும். இன்னும் சிலர் நேரே உப்புத்தாள் போடுகிறார்கள், அது படலத்தை உள்ளே அழுத்தித் தேய்க்கும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய துணி. கழுவி, காயவைத்து, அப்புறம்தான் தேய்ப்பது, அடுத்த பூச்சு. கழுவாமல் இரண்டாவது பூச்சைப் போட்டால் அது ஒரு கடற்கரைப் பயணத்திலேயே தோலாக உரியும்.

வராமல் தடுக்கக் கொஞ்சம் கணக்கு தேவை. காற்று எந்த வெப்பத்துக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியுமோ, அதைப் பனிநிலை என்கிறோம். பூச்சு வேலையில் பொது விதி, பூசும் பொருள் பனிநிலையைவிட 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது. கார்த்திகை மாலை ஒன்றில் அறை வெப்பம் 26 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிநிலை ஏறக்குறைய 24. இடைவெளி இரண்டு டிகிரிதான், பூசக் கூடாது. அதே காற்றை 32 டிகிரிக்குச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் ஈரம் மாறாது, ஆனால் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ராடு கொள்ளும் நீள அட்டைப்பெட்டி, நடுவில் எதையும் தொடாதபடி ஒரு 60 வாட் குண்டு பல்பு, ஒரு சின்ன ஈரப்பதமானி. பூசுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ராடை உள்ளே வைத்துவிடுங்கள். பெட்டியை ஆளில்லாமல் விட்டுப் போகாதீர்கள்.

ஏசி அறையில் வைத்திருந்த பிளாங்க்கை வெளியே கொண்டுவந்து உடனே பூசுவது இதைவிட மோசம். செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வேர்க்கும் அல்லவா, பிளாங்க்கும் அப்படி வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாது.

தென்காசி, குற்றாலம், பாபநாசம் பக்கம் இருப்பவர்களுக்கு நாள்காட்டி வேறு. ஆனி, ஆடிச் சாரலில் அவர்களுக்கு ஈரம், எங்களுக்கு வறண்ட காற்று. நான் சொல்லும் மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ஊர்க் காற்றைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைப் புட்டியில் வரும் சில யூரித்தேன் பூச்சுகள் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். அவற்றுக்கு ஈரம் எதிரி அல்ல. ஆனால் ஈரம் மிகுந்தால் வாயு வந்து நுரைக்கும். அதைத் தடிமனாகப் போடவே கூடாது.

குமிழி

வரம்புள்ள பிளாங்க்கில் பள்ளத்தில் சிக்கிய காற்றும், நூலுக்கு அடியில் அமரும் கைடு காலின் இரு பக்கமும் ஓடும் சுரங்கத்தின் காற்றும் மெல்ல வெளியே வரும். முதல் பூச்சை மெல்லிதாக, சூடான பிளாங்க்கில் போட்டால் எபாக்ஸி இளகி உள்ளே இறங்கும். பூசி ஐந்து நிமிடத்தில் ஸ்பிரிட் விளக்கின் சுடரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஒரு வீச்சில் நகர்த்தினால் குமிழிகள் உடையும். சிகரெட் லைட்டர் கரி படியவைக்கும். சுடரை ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாங்க்கின் பிசினே இளகிவிடும்.

நேரமும் முக்கியம். காலையில் பூசி, வெயில் ஏற ஏற மாடி அறை சூடானால் பிளாங்க்குக்குள் இருக்கும் காற்று விரிந்து, பாதி இறுகிய பூச்சைத் துளைத்து வரும். சித்திரை, வைகாசியில் நான் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் பூசுவேன். வெப்பம் இறங்கும் நேரத்தில் காற்று உள்ளே சுருங்கும், பூச்சையும் கூடவே இழுத்துக்கொள்ளும்.

ஒரு பக்கம் தொங்கல், நடுவில் புடைப்பு

அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்புச் சாமான் கடைபவர்கள் அரக்கேற்றும்போது கடைசலைச் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சீராகச் சுற்றுவது இங்கேயும் அவசியம், ஆனால் வேகம் மிகக் குறைவு. பழைய மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்றுச் சுற்றும், அது போதும். மின்சாரம் போனால் பதறாமல் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அரைச் சுற்றுக் கையால் திருப்பிக்கொண்டிருங்கள். நடுவில் கால்பந்துபோலப் புடைத்தால் ஒரே தடவையில் அள்ளி வைத்திருக்கிறீர்கள். இரண்டு மெல்லிய பூச்சாகப் பிரியுங்கள்.

தூசி

ஆடிக் காற்றில் செம்மண் தூசி எந்தச் சன்னல் இடுக்கிலும் வரும். எங்கள் சமவெளியில் அப்போது காற்று வறண்டிருப்பதால் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கலாம். கார்த்திகையில் அதைச் செய்யாதீர்கள்.

பட்டையாக உரிகிறது

நூற்கட்டின் ஓரத்தில் நகம் வைத்தால் தோல்போலக் கழன்று, அடியில் பிளாங்க் பளபளவென்று இருக்கிறதா? அது மூன்றாம் வகைப் பிளாங்க்கின் வழுவழுப்பு. எபாக்ஸிக்குப் பிடித்துக்கொள்ள இடமே இல்லை. நூற்கட்டு வரும் இடத்தை மட்டும் 600 நம்பரால் லேசாக மங்கவைத்துத் துடைத்தால் போதும். கைப்பிடி ஒட்டும் இடத்தை 320 நம்பரால், எப்போதும் ஈரமாகத் தேய்க்க வேண்டும். கார்பன் தூசி மூக்குக்கும் தோலுக்கும் கெடுதல், முகக்கவசம் போடுங்கள். எபாக்ஸியைத் தொடும்போது நைட்ரைல் கையுறை கட்டாயம். கடினமாக்கி தோலில் பட்டுப்பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் இந்த வேலையே செய்ய முடியாது.

பழைய ராடில் தொழிற்சாலை நிறமே உரிந்தால் பெயின்ட் உரிக்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். அது நிறத்தோடு பிளாங்க்கின் பிசினையும் தின்னும். உரிந்த விளிம்பை வாட்டர் பேப்பரால் சரிவாக்கி, உறுதியாக இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, மெல்லிய யூரித்தேன் ஒரு கை. முழுப் பிளாங்க்குக்கும் எபாக்ஸி பூசித்தரச் சொல்பவர்களுக்கு நான் மறுத்துவிடுகிறேன். நுனியில் ஏறும் ஒவ்வொரு கிராமும் ராடை மந்தமாக்கும்.

நூற்கட்டுக்குள் வெண்மை

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்த ராடுகள் என்னிடம் வந்தன. வெளிப்பூச்சு நன்றாக இருந்தது, கைடு காலை ஒட்டி நூலுக்குள் பால்போல வெள்ளை. பூச்சின் ஓரத்தில் மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கடற்கரை ராடுகளிலும் இதே கதைதான், அங்கே உப்பும் சேர்ந்து கைடு காலைத் துருப்பிடிக்க வைக்கும். மேலே பூசி மூடினால் ஈரத்தை உள்ளே பூட்டுகிறோம். அந்தக் கைடை உரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு வாரம் உலரவைத்துப் புதிதாகக் கட்டுங்கள்.

நூல் நிறம் கறுத்துப்போவது வேறு. நைலான் நூல் எபாக்ஸி ஊறினால் கண்ணாடிபோலாகி, அடியிலிருக்கும் கறுப்புப் பிளாங்க்கைக் காட்டும். நிறம் அப்படியே வேண்டுமென்றால் நிறங்காப்பான் என்ற திரவத்தை முதலில் நூலில் ஊறவைத்து முழுவதும் காயவிட வேண்டும்.

வெயிலில் மஞ்சள், சுண்ணாம்புபோலத் தூள்

எபாக்ஸிக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. படகிலும் மொட்டை மாடியிலும் வருடக்கணக்கில் சாத்தி வைத்த ராடு மஞ்சளாகி, துடைத்தால் கையில் தூள் வரும். 1000 நம்பரால் ஈரமாகத் தேய்த்துத் துடைத்து, புற ஊதாக் காப்புள்ள யூரித்தேன் மெல்லிதாகப் பூசினால் இன்னும் சில வருடம் வரும். மஞ்சள் மட்டும் போகாது.

கண்ணாடி இழைப் பிளாங்க்கில் வெள்ளைப் புள்ளி

இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. பாறையில் மோதியோ கதவில் நசுங்கியோ பிளாங்க்கின் உள்ளே இழை அடுக்குகள் பிரிந்தால் அந்த இடம் வெளுத்துத் தெரியும். பார்க்கப் பூச்சுக் கோளாறு மாதிரியே இருக்கும். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். அந்த இடத்தில் மட்டும் ஓசை சத்தின்றி மந்தமாகக் கேட்டால், அல்லது விரலால் அழுத்தும்போது அமுங்கினால், எந்தப் பூச்சும் உதவாது. கார்பனில் வெளுக்காது என்பதால் ஓசையையும் விரலையும்தான் நம்ப வேண்டும்.

கூத்தங்குழி அண்ணாச்சி ஒருவர் அப்படி ஒரு ராடைக் கொண்டுவந்து, "பாலிஷ் மட்டும் போட்டுக் குடுங்க தம்பி" என்றார். தட்டிக் காட்டினேன். பத்தடி ராடு, அவருக்கு ராசியானது. மனசு கேட்காமல் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, கைடுகளை மட்டும் கழற்றிப் புதுப் பிளாங்க்கில் கட்டிக் கொடுத்தேன். பழைய பிளாங்க்கின் நல்ல பகுதி என் மேசையில்தான் கிடக்கிறது. ஒவ்வொரு தடவை பூசும்போதும் முதல் கோடு அதன்மேல்தான்.